வெளியூரில் சேர்க்கப்பட்ட மாணவர் ஒருவர்

நோர்வால்
அக்டோபர் 9, இரவு

அன்புள்ள மாரென் அக்காவுக்கு,

பிரிட்டா எழுதுகிறேன். உன் கால் கொப்புளங்கள் ஆறியிருக்கும், ராணுவ முகாமில் வயிறு நிறையச் சாப்பாடு போடுவார்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள் என்பதைப் படித்துவிட்டு அம்மா, "அந்த முடிக்கு எத்தன வருஷம் சிக்கெடுத்தேன்" என்று மட்டும் சொன்னாள். அப்பா கடிதத்தைப் படிக்கவில்லை. ஆனால் நீ அனுப்பிய சீருடைப் படத்தைப் பிக்கப் வண்டியின் முன்கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்திருக்கிறார்.

நான் நிலவறையில் வாஷிங் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே விளக்குப் போட்டால் வெளியே தெரியாது. யாராவது இறங்கி வந்தால் துவைக்க வந்தேன் என்று சொல்ல ஒரு சட்டையைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே. தபாலை அம்மாதான் எடுக்கிறாள், யார் பெயருக்கு வந்தாலும் பிரிக்கிறாள். அடுத்த ஞாயிறு உனக்குத் தொலைபேசி கிடைக்கும் என்று எழுதியிருந்தாய் அல்லவா? அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சோயா அறுவடை முடிந்துவிட்டது. மக்காச்சோளம் இன்னும் நிற்கிறது. தானியக் கிடங்கில் லாரிகள் சாலை வரை நிற்பதால் அப்பா வீட்டுக்கு வருவதே ஒரு தூக்கத்துக்குத்தான். வெளிக்கதவின் கீல் உடைந்து காற்றில் அடித்துக்கொள்கிறது. சரிசெய்ய யாருக்கும் நேரமில்லை.

செப்டம்பரில் பள்ளி வாரியக் கூட்டம் நடந்தது. உணவுக்கூடத்தில் உட்கார இடமில்லாமல் சுவரோரம் எல்லாம் ஆட்கள் நின்றார்கள். கண்காணிப்பாளர் கெல்லர் வரவு செலவை வாசித்தார். அடுத்த வருஷம் மாலைப் பேருந்து கிடையாது என்றார். பெண்கள் கைப்பந்துக் குழுவைத் தனியாக நடத்த முடியாது, ஸ்டோர்டன் பள்ளியோடு சேர்த்துவிடுகிறோம் என்றார். நம் பெண்கள் ஸ்டோர்டனின் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஸ்டோர்டனின் பெயரில் ஆட வேண்டுமாம். அதைக் கேட்டதும் கூடத்தில் எழுந்த சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும். யாரோ செத்துப்போன மாதிரி. என்ன காரணம் என்று கேட்டார்கள். "வெளியூரில் சேர்க்கப்பட்ட மாணவர் ஒருவர் காரணமாக" என்று கெல்லர் காகிதத்தைப் பார்த்து வாசித்தார்.

உனக்குத் தெரியும், தம்பி ஆர்லோவை லெயர்டில் உள்ள சிறப்புப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னதே கெல்லர்தான். அவன் மாதிரிப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இங்கே ஆளும் இல்லை, அறையும் இல்லை என்று அவர்தான் சொன்னார். அம்மா இரண்டு நாள் அழுதுவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாள். ஆனால் அவன் அங்கே படிப்பதற்கும் வார நாட்களில் தங்குவதற்கும் ஆகும் செலவை நம் ஊர்ப் பள்ளிதான் லெயர்ட் பள்ளிக்குக் கட்ட வேண்டுமாம். மாநிலம் அதில் பாதிகூடத் திருப்பித் தராது, தருவதையும் அடுத்த வருஷம்தான் தரும். எனக்கு இதெல்லாம் தெரியாது. இப்போது என் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். பின்னக் கணக்குப் போடத் தெரியாத டெரெக், என் தம்பியின் ஒரு வாரச் செலவில் எத்தனை பந்து வாங்கலாம் என்று வகுத்துச் சொல்கிறான்.

கூட்டத்தில் விதை விற்கும் கர்ட் எழுந்து, "அந்த ஒருத்தர் யாருன்னு சொன்னா நாங்களும் தெரிஞ்சுப்போம்ல?" என்றார். பெயரைச் சொல்லக் கூடாது, சட்டம் என்றார் கெல்லர். "சரி விடுங்க, பேரு வேணாம். மூணாவது வரிசையில தொப்பிய மடியில வச்சுட்டு உக்காந்திருக்காரே, அவரு யாருன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் கர்ட். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், அக்கா. நான் பக்கத்தில்தான் இருந்தேன். தொப்பியை மடியிலிருந்து எடுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

வாரியத் தலைவர் ஸ்டான் ரூத் சிரிக்கவில்லை. அவர் கிடங்கில்தானே அப்பா வேலை பார்க்கிறார், அதனால் அவர் நல்லவர் என்று நினைத்தேன். ஆனால் அவர் மகள் ஹெய்டிதான் எங்கள் கைப்பந்துக் குழுவின் தலைவி.

இப்போது எழுதுவதை அம்மாவிடம் சொல்லமாட்டாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். கைப்பந்துப் பயிற்சி முடிந்ததும் ஆசிரியை அலுவலக அறைக்குப் போய்விடுவார். அப்போது ஹெய்டியும் அவள் கூட்டமும் என்னைச் சுவரோடு நிற்கச் சொல்வார்கள். "சும்மா சர்வ் பழகுறோம்டி. நீ அசையாம நில்லு, போதும். உன் தம்பி மாதிரி கத்தி ஊரக் கூட்டாத" என்பாள். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு பெயர் வைத்து அடிப்பார்கள். இது பஸ்ஸுக்கு. இது மஞ்சச் சட்டைக்கு. இது எங்கப்பா கட்டுற வரிக்கு. ஹெய்டி நன்றாக ஆடுபவள், குறி தப்பாது. இடது தோளிலிருந்து முழங்கை வரை கறுத்துவிட்டது. கன்னத்தில் ஒன்று பட்டது, அது தவறிப் பட்டது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

அறிவியல் ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு கெல்லரிடம் சொல்லியிருக்கிறார். கெல்லர் என்னைக் கூப்பிட்டு, சோடா உடைத்துக் கொடுத்து, கதவைச் சாத்தினார். "விழுந்துட்டியாம்மா?" என்றார். நான் பேசவில்லை. ஹெய்டியின் பெயரைச் சொன்னால் அப்பாவின் வேலை என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவரே, "தம்பி வாரக் கடைசியில வீட்டுக்கு வருவான்ல? கையக் கால ஓங்குவானா?" என்றார். அப்போதும் நான் பேசவில்லை. "பயப்படாத. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குப் புரியுது" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் தலை நிமிரவே இல்லை. நான் சோடாவைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

நேற்று மாலை கெல்லரும் ஸ்டான் ரூத்தும் நம் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா காபி போட்டாள், எலுமிச்சை கேக் வெட்டினாள். என்னை மேலே போகச் சொல்லவில்லை. பிள்ளை மாநிலத்தின் பொறுப்பில் போய்விட்டால் அவன் செலவு முழுவதையும் மாநிலமே லெயர்டுக்குக் கட்டிவிடும், நம் ஊர்ப் பள்ளி ஒன்றும் கட்ட வேண்டியதில்லை என்று கெல்லர் சொன்னார். "அதே ஸ்கூல், அதே கட்டில், அதே டீச்சர். காயிதத்துல ஒரு வரி மாறும், அவ்வளவுதான் ஆனிட்டா." அம்மா, "அந்த வரியில என் பேரு இருக்குமா?" என்று கேட்டாள். கெல்லர் கேக்கை மென்றுகொண்டே, பாசத்தை எந்தக் காகிதமும் மாற்ற முடியாது என்றார்.

பெற்றவர்கள் கேட்டார்கள் என்பதற்காக மட்டும் நீதிமன்றம் பிள்ளையை எடுத்துக்கொள்ளாதாம். வீட்டில் இன்னொரு பிள்ளைக்கு அவனால் ஆபத்து என்று காட்ட வேண்டுமாம். "காரணத்தத் தேடிப் போக வேணாம். அது ஏற்கெனவே இங்க இருக்கு" என்று கெல்லர் என் கையைப் பார்த்தார். அன்றைக்கென்று நான் அரைக்கை சட்டை போட்டிருந்தேன்.

ஸ்டான் ரூத் போகும்போதுதான் அப்பாவிடம் வாயைத் திறந்தார். "ரோல்ஃபு, நான் ஒண்ணும் சொல்லலப்பா. உன் குடும்பம், உன் முடிவு. குளிர்காலத்துல கிடங்குல எத்தன பேர வச்சுக்க முடியும்னு நானும் பாக்கணும்ல, அதான்." அப்பா அவரோடு வாசல் வரை போய், உடைந்த கதவைக் காற்றில் அடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் விஷயத்தைப் பார்க்கும் கவுண்டி அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வருகிறாள். என்னிடம் கேட்பாளாம். ஆர்லோ என்னை அடிக்கவில்லை, அக்கா. அவன் கோபம் வந்தால் தன் கையைத்தான் கடித்துக்கொள்வான், உனக்குத் தெரியாததா? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அம்மாவிடம் எப்படியாவது சொல். நீ பெரியவள், சீருடை போட்டவள், நீ சொன்னால் கேட்பாள். எனக்கு வேறு யாரும் இல்லை.

உன் பிரியமான தங்கை,
பிரிட்டா


நோர்வால்
அக்டோபர் 25, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டதற்கு நன்றி. அம்மா பேசும்போது நான் பாத்திரம் துடைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். "எல்லாரும் நல்லா இருக்கோம்... அவளா? நல்லாத்தான் இருக்கா, தூங்கிட்டா" என்றாள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நீ என்னவெல்லாம் சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. அவள் "ம்", "ம்" என்று மட்டும் சொன்னதைக் கேட்டேன். பிறகு வரிசையில் மற்றவர்கள் நிற்பதாக நீ சொல்லியிருப்பாய், வைத்துவிட்டாள்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, சட்டைக்கையைச் சுருட்டி என் தோளைப் பார்த்தாள். "இது அவன் வேலை இல்லன்னு எனக்குத் தெரியாதா? நான் பெத்த பிள்ள. அவன் கை எப்படிப் படும்னு எனக்குத் தெரியும்" என்றாள். யார் வேலை என்று அவள் கேட்கவே இல்லை, அக்கா. அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். "அப்பாவுக்கு வேல போனா வீடு போகும். வீடு போனா அவன் வெள்ளிக்கிழமை எங்க வருவான்? நீ பொய் சொல்ல வேணாம். அந்தம்மா கேட்டா தரையப் பாரு. அது போதும்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

நேற்று அந்த அம்மாள் வந்தாள். அவள் பெயர் மிஸ் டன்லப். மெதுவாகப் பேசுகிறவள், கைப்பை நிறைய ஸ்டிக்கர் வைத்திருக்கிறாள், எனக்கு ஒன்று கொடுத்தாள். என் வயதுக்கு யாராவது ஸ்டிக்கர் கொடுப்பார்களா? முன்னறையில் என்னை உட்கார வைத்தாள். அம்மா சமையலறையில் இருந்தாள். அப்பா கிடங்கிலிருந்து நேரே வந்து, கதவு நிலையில் சாய்ந்து நின்றார். உடம்பெல்லாம் உமி.

நான் தரையைப் பார்க்கவில்லை. "ஆர்லோ அடிக்கல" என்று சொன்னேன். நிஜமாகச் சொன்னேன், அக்கா, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"அப்போ யாரு?"

"பந்து" என்றேன்.

"பந்து தானா வந்து அடிக்குமா, செல்லம்?"

அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் தொப்பியில் ஒட்டியிருந்த உமியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டான் ரூத்தின் கிடங்குப் பெயர் போட்ட தொப்பி அது. பந்தை அடித்த கையை என்னால் சொல்ல முடியவில்லை. "நெறைய பந்து" என்று மட்டும் சொன்னேன். அது எனக்கே பொய் மாதிரிதான் கேட்டது.

மிஸ் டன்லப் என் முழங்காலைத் தட்டிக்கொடுத்து, "நீ ரொம்ப நல்ல அக்கா" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "எப்பவும் இப்படித்தான் அவன விட்டுக்கொடுக்காம பேசுவாளா?" என்று கேட்டாள். அப்பா, "அவனுக்காக என்ன வேணாலும் சொல்லுவா" என்றார். அதுவரை அவர் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

அந்த நேரத்தில்தான் லெயர்டிலிருந்து வேன் வந்தது. வெள்ளிக்கிழமை வந்ததும் அவனுக்கு என்ன வேண்டும் என்று உனக்குத் தெரியும். என்னை இழுத்துக்கொண்டு நிலவறைக்கு வர வேண்டும், வாரத் துணியை மெஷினில் போட வேண்டும், அது சுற்றி முடியும் வரை இரண்டு பேரும் அதில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடிவந்தான். புது ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றான். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தான். இடது கை. அவன் எப்போதும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பான். நான் கத்திவிட்டேன். வலித்தது அக்கா, என்ன செய்வேன்? கத்தியதும் அவன் பயந்துபோய் இன்னும் இறுக்கினான். நான் இன்னும் கத்தினேன்.

மிஸ் டன்லப் எழுந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். அவன் கையைக் கடித்துக்கொள்ள ஆரம்பித்தான். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவனிடம் சொன்னேனா, அவளிடம் சொன்னேனா, தெரியவில்லை. அவள் பேனாவைத் திறந்தாள்.

இன்றிரவு ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரையும் விட்டுப்போக முடியாது என்று சொல்லிவிட்டாள். வேனைத் திரும்பக் கூப்பிட்டு அப்போதே ஏற்றி அனுப்பினார்கள். அவனுக்கு வெள்ளிக்கிழமை என்றால் வீடு. அதை மாற்றிச் சொன்னால் அவனுக்கு எப்படிப் புரியும்? அப்பாதான் தூக்கிக்கொண்டு போய் உட்காரவைத்துப் பெல்ட்டை மாட்டினார். அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. அவனுக்காகச் செய்த மக்ரோனி அடுப்பிலேயே இருந்தது. இரவு நான்தான் அதைச் சாப்பிட்டேன், பசித்தது.

அவனுடைய அழுக்குத் துணிப் பை இங்கேயே தங்கிவிட்டது. நான் இன்னும் துவைக்கவில்லை. துவைக்கப் போவதில்லை. இதைப் பற்றி அம்மாவிடம் எதுவும் கேட்காதே. உனக்கு நான் எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் எப்போது எழுதுகிறேன் என்று தெரியாது. தபால் தலைகளை எண்ணிப் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன். இந்தத் தபால் தலை ஆசிரியையின் மேசையிலிருந்து எடுத்தது.

உன் தங்கை,
பிரிட்டா


நோர்வால்
டிசம்பர் 7, இரவு

அன்புள்ள மாரென் அக்காவுக்கு,

நீ பயிற்சியை முடித்துவிட்டாய் என்று கேட்டு மிகவும் மகிழ்ச்சி. அம்மா உன் சான்றிதழ்ப் படத்தைத் தேவாலய அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறாள். பனி முழங்கால் வரை கிடக்கிறது. கிடங்கில் மூன்று பேரை நிறுத்திவிட்டார்கள், அப்பா அதில் இல்லை. கீல் மாற்றிவிட்டார், கதவு இப்போது சத்தம் போடுவதில்லை.

நீதிபதி கையெழுத்துப் போட்டு மூன்று வாரம் ஆகிறது. அன்று மாலையே வீட்டுக்குச் சாப்பாடு வர ஆரம்பித்தது. முதலில் ஹால்வர்சன் அம்மாள் வந்தாள், உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் போட்டுச் சுட்டது, மேலே பாலாடைக்கட்டி. பிறகு கர்ட் வீட்டிலிருந்து நூடுல்ஸும் கோழியும். மொத்தம் எட்டோ ஒன்பதோ கண்ணாடித் தட்டுகள். ஒவ்வொன்றின் அடியிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது, திருப்பிக் கொடுக்க வசதியாக. எல்லோரும் வாசலிலேயே நின்று குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். ஹால்வர்சன் அம்மாள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கஷ்டம்தான். ஆனா அவனுக்கு இதுதான் நல்லது. இனி நீ நிம்மதியா இருக்கலாம்" என்றாள். பெர்க் வீட்டுப் பையன் டிராக்டருக்கு அடியில் போய்ச் செத்தபோது அம்மாவும் இப்படித்தான் ஒரு தட்டுச் சாப்பாடு சுட்டு எடுத்துக்கொண்டு போனாள், இதே குரலில்தான் பேசினாள். கதவைச் சாத்திவிட்டு அந்தத் தட்டுகளையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றாள். "சாவு வீட்டுக்குத்தானடி இதக் கொண்டுவருவாங்க" என்றாள். பிறகு ஒரு கரண்டியை எடுத்து எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் அப்பாவுக்குப் போட்டாள்.

தட்டுகளைக் கழுவித் திருப்பிக் கொடுக்க என்னைத்தான் அனுப்பினாள். ரூத் வீட்டில் ஹெய்டி கதவைத் திறந்தாள். "அம்மா பண்ணது நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள். நன்றாக இருந்தது என்றேன். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை கெல்லர் பள்ளி ஒலிபெருக்கியில் பேசினார். வெளியூரில் சேர்க்கப்பட்ட மாணவர் ஒருவரின் செலவை இனி மாநிலமே ஏற்கும், எனவே நம் கைப்பந்துக் குழு நம் பெயரிலேயே, நம் சட்டையிலேயே ஆடும் என்றார். மாலைப் பேருந்தும் உண்டு என்றார். வகுப்பு முழுவதும் கைதட்டியது. ஆசிரியை கைதட்டினாள். டெரெக் மேசை மேல் ஏறிவிட்டான். பக்கத்தில் இருந்தவள் என் கைகளையே பார்த்தாள். நானும் தட்டினேன்.

ஹெய்டி உடைமாற்றும் அறையில் என்னைக் கட்டிப்பிடித்தாள். "உன் சட்டை நம்பர யாருக்கும் கொடுக்கலடி, உனக்கே வச்சிருக்கேன். நீ வாயத் திறக்காம இருந்த பாரு, அது சும்மா இல்லடி. டீம்னா அதான்" என்றாள். இப்போது என்னை யாரும் சுவரோடு நிறுத்துவதில்லை. மதியம் அவர்கள் மேசையில் எனக்கு இடம் பிடித்து வைக்கிறார்கள். கை முழுவதும் ஆறிவிட்டது. அதைப் பார்த்த மிஸ் டன்லப், "பாத்தியா, அவன் வீட்டுல இல்லாம ஒரு மாசத்துல எப்படி ஆறிடுச்சு" என்று சொல்லி அதையும் எழுதிக்கொண்டாள்.

காகிதத்தில் ஒரு வரிதான் மாறும் என்று கெல்லர் சொன்னார் அல்லவா? லெயர்ட் பள்ளியில் ஆகும் செலவு அதிகம் என்று மாநிலம் சொல்லிவிட்டதாம். பணம் கட்டுகிறவர்கள் இடத்தையும் மாற்றலாமாம். போன வாரம் அவனைக் கிழக்கே, ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஃபார்லி என்ற ஊரில் உள்ள விடுதிக்கு மாற்றிவிட்டார்கள். அதே கட்டில் இல்லை. அதே டீச்சர் இல்லை. அம்மா கெல்லரைக் கூப்பிட்டு, "நீங்க சொன்னீங்களே" என்றாள். "ஆனிட்டா, அவன் இப்போ எங்க பள்ளி மாணவனே இல்லையே. நான் எப்படிக் கேக்க முடியும்?" என்றாராம். அப்பாவும் அம்மாவும் மாதம் ஒரு முறை, ஒரு ஆள் கூட உட்கார்ந்திருக்க, அவனைப் பார்க்கலாம். முதல் முறை போகவேண்டிய நாளில் பனிப்புயல், சாலையை மூடிவிட்டார்கள். தவறிய நாளுக்குப் பதில் வேறு நாள் கிடையாதாம்.

நான் போகவே முடியாது. நான்தான் அவனிடமிருந்து காப்பாற்றப்பட வேண்டிய பிள்ளை என்று தீர்ப்பில் போட்டிருக்கிறது. எனக்குப் பதினெட்டு ஆகும் வரை அவன் இருக்கும் இடத்துக்கு நான் வரக் கூடாது. மிஸ் டன்லப்பிடம், அது பொய், ஹெய்டியும் மற்றவர்களும்தான் பந்தால் அடித்தார்கள் என்று கடைசியில் எல்லாப் பெயரையும் சொல்லிவிட்டேன். அவள் நிதானமாகக் கேட்டாள். குற்ற உணர்ச்சியில் இருக்கும் பிள்ளைகள் இப்படித்தான் சொல்வார்கள், அதற்கென்று ஒரு டாக்டர் இருக்கிறார் என்றாள். செவ்வாய்க்கிழமைகளில் நான் அவரிடம் போக வேண்டும். அவள் அப்பாவிடம் சொல்லியிருப்பாள் என்று பயந்துகொண்டே இருக்கிறேன். அப்பா இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடும்போது என்னைப் பார்ப்பதும் இல்லை.

அக்கா, உனக்கு இருபதாம் தேதி முதல் விடுப்பு. அம்மா உனக்காக அறையைத் துடைத்து வைத்திருக்கிறாள். நீ நேராக வீட்டுக்கு வராதே. வீட்டுக்கு வந்தால் இவர்கள் உன்னிடம் பேசிவிடுவார்கள், நீயும் காபி குடித்துவிட்டுச் சரி என்றுவிடுவாய். முதலில் ஃபார்லிக்குப் போ. தீர்ப்பில் உன் பெயர் எங்கேயும் இல்லை, நான் தேடிப் பார்த்தேன். சீருடையிலேயே போ, சீருடைக்காரர்களை யாரும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட மாட்டார்கள். என்ன உறவு என்று கேட்டால் அக்கா என்று சொல். நான் எழுதினேன் என்று சொல்லாதே.

அவன் உன்னைப் பார்த்ததும் ஓடிவர மாட்டான், அதற்காக வருத்தப்படாதே. உனக்குப் பின்னால் கதவை எட்டி எட்டிப் பார்ப்பான். நீ எங்கே போனாலும் ஒட்டிக்கொண்டு வருகிறவள் நான் என்று அவனுக்குப் பழகிப்போயிருக்கிறது. மறைக்காமல் கொஞ்சம் விலகி நில். சொன்னால் அவனுக்குப் புரியாது. யாரும் வரவில்லை என்று அவனே நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும். அதன் பிறகு கதவைச் சாத்திவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்.

கடவுள் உனக்கு வழியெல்லாம் பனி இல்லாத சாலையைத் தரட்டும்.

உன் தங்கை,
பிரிட்டா